சிறுவர் சித்திரமும் எல்லை கடந்த கூட்டுப் படைப்பும்

சிறுவர் தீட்டும் சித்திரம் தன்னளவிலேயே ஒரு கலையாக மதிக்கப்பெற்றமை அண்மைக்கால வரலாற்றுக்குரியதாகும். அச்சித்திரம் நாட்டெல்லைகளைக் கடந்து சென்ற வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சித்திரம் பயணஞ் செய்தமை வேறு. அதனைத் தீட்டிய சிறுவர் ஒருவரோடொருவர் உறவு கொண்டமை வேறு.

வியன்னாவில் 1897ஆம் ஆண்டு சிறுவர்க்கெனச் சித்திர வகுப்பொன்றைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், மாதிரியைப் பார்த்து வரையும் வழக்கத்தைக் கைவிட்டு, சிறுவரைத் தம் கற்பனைப்படி வரையவிட்டார். முதலாம் உலகப் போரின் பின்னர் வியன்னா பசியால் வாடிய வேளையில், அவருடைய மாணவரின் படைப்புகள் 1920இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டுச் சிறுவர் நிவாரணத்துக்கு நிதி திரட்டப்பட்டது. பார்த்தோர் வியந்தனர். ஆயினும் ஆங்கிலச் சிறுவனொருவன் வியன்னாச் சிறுமிக்கு வண்ணத்தால் மறுமொழி கூற அங்கு வழி இருக்கவில்லை. அப்படைப்புகள் பலவும் ஒரே பாணியில் அமைந்தமையால், அவற்றில் ஆசிரியரின் பங்கு எத்தகையது என்ற ஐயமும் பின்னர் எழுந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பிரித்தானியச் சிறுவரின் சித்திரங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பணியில் ஹேர்பேட் றீட் ஈடுபட்டார். அவ்வனுபவம், கலையைக் கல்வியின் அடிப்படையாகக் கொள்ளவேண்டுமென வாதிட்டு அவர் 1943இல் வெளியிட்ட நூலுக்கு உந்துதலாயிற்று. இங்கும் தேர்ந்தவரும் அனுப்பியவரும் வளர்ந்தோரே. சிறுவர் தம் நாட்டின் தூதுவராயினரேயன்றி, உரையாடுபவராகவில்லை.

இந்நிலை கணனி வலையமைப்புகளின் வருகையோடு மாறத் தொடங்கியது. 1988இல் நியூயோர்க் மாநிலப் பாடசாலைகளும் மொஸ்கோப் பாடசாலைகளும் தொலைத்தொடர்பால் இணைக்கப்பட்டன. 1990இல் நோர்வேயிலிருந்து தொடங்கிய மற்றொரு முயற்சி, பல நாட்டுச் சிறுவரைத் தம்மைப் பற்றியும் தாம் விரும்பும் உலகைப் பற்றியும் கூறுமாறு அழைத்தது. சிறுவர் நேரடியாகத் தம் வயதொத்தோரோடு பேசலாயினர்.

பேச்சு, கூட்டுப் படைப்பாக முதிர்ந்தமைக்குச் சுவரோவியத் திட்டங்கள் சான்றாகும். பொஸ்னியப் போரின் பின்னர், 1997இல் தொடங்கிய ‘ஆர்ட் மைல்ஸ்’ திட்டம் ஏறத்தாழ 1.5 மீற்றர் அகலமும் 3.6 மீற்றர் நீளமுங் கொண்ட துணிகளிற் சிறுவரை வரையச் செய்தது. இத்தகைய 440 ஓவியங்களை வரிசையாக வைத்தால் ஒரு மைல் நீளமாகும். யப்பானிற் பின்னர் வளர்ந்த முறை மேலும் சிறப்புடையது. இரு நாட்டு வகுப்புகள் இணையத்தின் வழியே கருப்பொருளை ஆராய்ந்து முடிவு செய்யும். யப்பானிய மாணவர் துணியின் ஒரு பாதியைத் தீட்டி, மறுபாதியை வெறுமையாக விட்டு அஞ்சலில் அனுப்புவர். மற்றைய நாட்டு மாணவர் அதனை நிறைவு செய்வர்.

இவ்வெறும்பாதியே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். தன் படைப்பின் பாதியைக் கண்டறியாத கரங்களிடம் ஒப்படைக்கும் சிறுவன், தன் நிறம் எங்கு முடிந்து பிறருடைய நிறம் எங்கு தொடங்கவேண்டுமெனச் சிந்திக்கின்றான். ஆக்கத்திறன் என்பது தனித்து இயங்கும் ஆற்றல் மட்டுமன்று. பிறர்க்கு இடம்விடும் ஆற்றலுமாகும்.

எனினும், கணனியும் இணைப்பும் எட்டாத பாடசாலைகளின் சிறுவர் இவ்வாய்ப்புக்குப் புறம்பாகவே நின்றனர். அவர்களுக்கும் அத்துணியில் ஓரிடம் கிடைக்கும்வரை, இக்கூட்டுப் படைப்பு முழுமை பெற்றதெனக் கொள்ளுதல் இயலாது.