மிராய் தாக்குதலும் கேமராக் கடவுச்சொற்களும்

மிராய் என்பது 2016ஆம் ஆண்டில் பரவிய தீநிரல் ஆகும். கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் காட்சிகளைப் பதியும் டிவிஆர் கருவிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றை இது கைப்பற்றியது. இதற்குப் பெரிய நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலேயே இடப்படும் "அட்மின்", "123456" போன்ற பயனர்பெயர், கடவுச்சொற்களின் சிறு பட்டியல் ஒன்றே போதுமானதாக இருந்தது. டெல்நெட் வழி திறந்திருந்த கருவிகளைத் தேடி, அப்பட்டியலை வைத்து நுழைந்து பார்த்தது.

செப்டம்பர் இறுதியில் மூலநிரல் இணையத்தில் வெளியிடப்பட்டதால் வேறு பலரும் அதை எடுத்துக்கொண்டனர். அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் நிறுவனம் தாக்கப்பட்டது. தளப்பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் நிறுவனம் அது என்பதால் ட்விட்டர், நெட்பிளிக்ஸ், ரெடிட் முதலியவை பல மணி நேரம் பலருக்குக் கிடைக்கவில்லை.

கடவுச்சொல்லை மாற்றாத உரிமையாளர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் சீனாவின் சியோங்மாய் நிறுவனத்தின் பாகங்கள் கொண்ட பல கருவிகளில் டெல்நெட் கடவுச்சொல் உள்நிரலிலேயே பதிக்கப்பட்டிருந்தது. அமைப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றினாலும் இது மாறாது. இப்படி ஒன்று இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. கருவியை அணைத்துப் போட்டால் நினைவகத்தில் மட்டும் தங்கும் மிராய் அழியும். எனினும் சில நிமிடங்களில் மீண்டும் தொற்றலாம். அந்நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சில கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

நிரலை எழுதிய இளைஞர் மூவர் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பின்னர் பொறுப்பு தயாரிப்பாளர் பக்கம் நகர்ந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது முதல் பயன்பாட்டிலேயே பயனர் புதிதாக அமைக்க வேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2020 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுவான தொழிற்சாலைக் கடவுச்சொற்களைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது.