'தேர்வு' என்ற சொல்: ஜவ்வாது மலையிலிருந்து சில குறிப்புகள்

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பரீட்சையும் தேர்வுதான், வேண்டியதை எடுத்துக்கொள்வதும் தேர்வுதான். பள்ளியில் எந்த மொழியைப் படிப்பது என்பது குறித்த நம் நூறாண்டுச் சண்டை முழுவதும் இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது. 'மாணவர் தம் விருப்பப்படி மொழியைத் தேர்ந்துகொள்ளலாம்' என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லாக் கல்வி ஆவணங்களிலும் வருகிறது. எந்த மாணவர், யாருடைய விருப்பம், பட்டியலை எழுதியது யார் என்று கேட்டால் மட்டும் ஆவணம் வாயை மூடிக்கொள்கிறது.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடமுறையில் ஆங்கிலம் முதலிடத்தில் இருந்தது. அதற்கடுத்த இடத்துக்குத்தான் சமஸ்கிருதம், லத்தீன் போன்ற செம்மொழிகளோடு தமிழும் தெலுங்கும் வரிசையில் நின்றன. அதாவது தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழே 'இரண்டாம் மொழி'. எடுத்தால் எடுக்கலாம், விட்டால் விடலாம். 1902 வாக்கில் அந்த இடத்திலிருந்தும் நாட்டுமொழிகளை அகற்றும் யோசனை எழுந்தபோது பரிதிமாற்கலைஞரும் மு.சி. பூர்ணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்து நின்றார்கள். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இந்தக் கதையைத் தியாக வரலாறாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தியாகம் உண்மைதான். ஆனால் அந்தச் சண்டை நடந்த இடம் கல்லூரி வாசல் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தையே பார்க்காத பெரும் மக்கள்திரளுக்கு அங்கே எந்த மொழி நீக்கப்பட்டது, எந்த மொழி தப்பித்தது என்பது ஒரு செய்தியாகக்கூட வந்திருக்காது.

1938இல் ராஜாஜி உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது, 1940இல் அது விலக்கப்பட்டது, 1965, பிறகு 1968 ஜனவரி 23 அன்று அண்ணா சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம் – இவற்றை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டாயத்தை மறுத்தது சரி, இன்றைக்கும் சரி. என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

கட்டாயம் போன இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்தது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகிய காலத்தில் மேல்நிலை வகுப்பின் மொழிப்பாடத்துக்குப் பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுக்கிற ஒரு வர்க்கம் உருவானது. பொதெலேரைப் படிக்கவா? இல்லை. தமிழில் நூற்று எழுபது வாங்கத் திணறுகிற பையன் பிரெஞ்சில் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிடுவான் என்ற கணக்கு. அடிப்படை இலக்கணம், நாலு கடிதம், சில உரையாடல் – முடிந்தது. 2017இல் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தும்வரை தமிழை முதல் பாடமாகக் கொண்டவர்களுக்கு ஒரு பட்டியல், மற்ற மொழியினருக்குத் தனிப் பட்டியல் என்று வெளியிட வேண்டியிருந்ததே இந்தக் கணக்குக்குச் சாட்சி. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மொழியை மூலதனம் என்று பூர்தியு சொன்னதை நம் ஊர் டியூஷன் மாஸ்டர்கள் அவரைப் படிக்காமலேயே நிரூபித்துவிட்டார்கள். இங்கே முதல் பொருளிலான தேர்வு இரண்டாவதை விழுங்கிவிட்டது.

தில்லியின் கதை வேறு மாதிரி. கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்த பல்லாயிரம் பிள்ளைகளை 2014 நவம்பரில், ஆண்டின் நடுவில், சமஸ்கிருதத்துக்கு மாறச் சொன்னார்கள். ஜெர்மனியின் அதிபர் மெர்கல் வரைக்கும் விஷயம் போனது. பிள்ளைகளைக் கேட்டதாகத் தெரியவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யன் என்று அடுக்கியது. முந்தைய ஆண்டு வரைவில் இருந்த சீனம் இறுதி ஆவணத்தில் இல்லை. ஒரு மொழியை நீக்க எல்லையில் ஏற்படும் பதற்றமே போதும் என்றால், இதை மாணவரின் விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

இனி மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையின் மக்கள் 'மலையாளி' என்ற பெயரில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். பேசுவது தமிழ், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இருந்தும், கீழே இறங்கி அலுவலகத்தில் பெயர் சொன்னால் 'மலையாளம் பேசுவியா?' என்று கேட்கும் எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடார்க்காட்டுக் கையேடு வழியாகத் தர்ஸ்டன் (1909) எடுத்தெழுதிய ஒரு கதைப்படி இவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து பெண்களை மீட்க வந்தவர்கள். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் திரும்பி ஓடிவிட, இவர்கள் செத்துவிட்டதாக எண்ணி ஊரில் கருமாதியே செய்துவிட்டார்களாம். திரும்பிப் போனவர்களுக்கு இடமில்லை. நிர்வாகத்தின் கண்ணில் இவர்களின் நிலை பெரும்பாலும் அந்தக் கதையில் உள்ளபடிதான்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1972இல் அங்கே நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து, ஸைஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களுக்குத் தடயம் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. ஆக, அந்நிய மொழி மலை ஏறாமல் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளிக்குள்தான் ஏறவில்லை.

சென்ற ஆண்டு, பள்ளிகளுக்கு உதவுகிற நண்பர்கள் சிலர் 'இரண்டாவது அயல்மொழி' என்று ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து எது என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பட்டியல்: பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரியன். விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் எந்த மொழிக்கு என்ன வேலை, எந்த ஊரில் என்ன படிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"தெலுங்கு இல்லீங்களா சார்?"

ஏம்மா என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பாவ ஆந்திராவுல புடிச்சு வச்சிருந்தாங்க. பேப்பர் குடுத்தாங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல."

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற இருபது பேரும் தமிழர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. சந்தனம் வெட்டி முடிந்த மலையிலிருந்து செம்மரத்துக்குக் கூலியாகப் போகிற வழி அது. தரகர் தமிழில் பேசி ஏற்றிச் செல்வார். பிடிபட்ட பிறகு எல்லாம் தெலுங்கு. முதல் தகவல் அறிக்கை, காவல் நீட்டிப்பு, வாக்குமூலம் என்று கைநாட்டு வைத்த தாள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் இருந்தால் திறந்த நீதிமன்றத்தில் புரிகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1973 குற்ற நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு சொன்னது. காவல் நிலையத்தில் நீட்டுகிற தாளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

வரலாற்றில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1911 வரை வடார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். திருப்பதியும் அதே மாவட்டம்தான். ஜவ்வாது மலையின் போளூர்ப் பக்கத்து ஆள் ஒரு மனு கொடுக்க வேண்டுமானால் போக வேண்டிய இடம் இன்றைய ஆந்திரம். அந்த நிர்வாகம் இரு மொழியும் தெரிந்த குமாஸ்தாக்களை வைத்து ஓடியது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று, 1953இல் ஆந்திரம் பிரிந்தது. மொழிவழி மாநிலத்தை நான் தவறென்று சொல்ல வரவில்லை. கோடு போட்டவர்கள், கோட்டைத் தாண்டிக் கூலிக்குப் போகிறவனை எண்ணிப் பார்க்கவில்லை என்கிறேன்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது தோழர் ஒருவர் எழுந்து, "அப்போ பட்டணத்துப் பிள்ளைக்குப் பிரெஞ்சு, பழங்குடிப் பிள்ளைக்கு ஜெயில் மொழியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெண் ஜெர்மன் படித்து ஜெனாவுக்கே போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவள் கேட்டது ஜெர்மன் அல்ல. தெலுங்கை அவள் தண்டனையாகக் கேட்கவில்லை, வாசிக்க வேண்டிய ஒரு தாள் அவள் வீட்டில் இருக்கிறது. நாம் அதை 'ஜெயில் மொழி' என்று சொன்னதும் வேமனாவும் குரஜாடாவும் எழுதிய மொழி நம் வாயில் ஒரு காவல் நிலையமாகச் சுருங்கிவிடுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்பதுதான் தேர்வு என்றால், அந்த அறையில் தேர்ந்தெடுத்தவள் அவள் ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் கொரியனுக்கு டிக் போட்டார்கள். தொலைக்காட்சித் தொடர்கள் காரணம், அதுவும் குற்றமில்லை.

மும்மொழித் திட்டத்தை ஆதரிப்பதாக இதை யாரும் படித்துவிட வேண்டாம். அந்தத் திட்டத்தின் பெயரால் மலைக்கு ஏறி வரப்போவது தெலுங்கு வாத்தியார் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். இத்தனைக்கும் தெலுங்குக்குத் தில்லிவரை போக வேண்டியதுமில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, திருத்தணிப் பக்கம் தெலுங்குச் சிறுபான்மைப் பள்ளிகள் இருக்கின்றன, கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான தெலுங்குப் பாடப்புத்தகத்தைத் தமிழ்நாடு பாடநூல் கழகமே அச்சிட்டு வந்திருக்கிறது. படிவத்தின் கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பெண் அதில் தெலுங்கு என்று எழுதிக் கொடுத்தாள். படிவங்களைத் தொகுத்த நண்பர்கள் அனுப்பிய அட்டவணையில் நான்கு மொழிகளுக்கு மட்டுமே எண்ணிக்கை இருந்தது.