ஊசியின் வழியே நுழைந்த கல்வி: கொல்கத்தாவின் தையல் வகுப்புகள்

கொல்கத்தாவின் தெற்கெல்லையில், ஜோக்காவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த காந்தா ஒன்று உள்ளது. மானதாசுந்தரி தாசி என்பவர் தம் தந்தைக்காகத் தைத்தது. இன்னார், இன்னாருக்காகத் தைத்தது என்னும் செய்தியை அவர் நூலாலேயே துணியில் எழுதியிருக்கிறார். வங்கப் பெண்கல்வி வரலாற்றைப் படிப்போருக்கு இது அரிய ஆவணம். பள்ளி அறிக்கைகளில் 'தையல்' என்னும் பாடத்தின் பெயர் ஓயாமல் வரும். கற்பித்தவர் பெயரோ அரிதாகவே வரும். இப்பாடம் தாழ்வாக எண்ணப்பட்டதாலேயே, பிற பாடங்களுக்குத் திறவாத வீடுகள் இதற்குத் திறந்தன. அதே காரணத்தால்தான் இதைக் கற்பித்தோர் ஆசிரியராகக் கணக்கிடப்படாமலும் போயினர் என்பது என் துணிபு.

காந்தாவுக்குப் பள்ளி தேவைப்பட்டதில்லை. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், நேராக ஓடும் எளிய தையலிட்டு இணைப்பதே அதன் முறை. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைவழியாகவே வந்தது. நம் 'கந்தை' என்னும் சொல்லும் இந்தக் 'கந்தா' என்னும் வடசொல்லும் உறவுடையவை. தமிழில் அது வறுமையின் பெயராக நின்றது. வங்கத்தில் கலையின் பெயராயிற்று.

பள்ளித் தையலின் கதை வேறு. 1821இல் கல்கத்தா வந்த மேரி ஆன் குக் அடுத்த ஆண்டு முதல் சிறுமியர் பள்ளிகளைத் தொடங்கியபோது, எழுத்தும் ஊசியும் சேர்ந்தே வகுப்பில் நுழைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்பித்துக்கொண்டிருந்தார். அங்கு லேஸ் விற்ற கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம் விடுதலையை வாங்கிய செய்தி தெற்கத்திய வாசகர் அறிந்ததே. கல்கத்தாவில் அத்தகைய நேரடிப் பொருளியல் விளைவு உடனே தோன்றவில்லை. 1849இல் பெத்யூன் தொடங்கிய பள்ளியிலும் தையல் இடம்பெற்றது. ஆயினும் அங்கு அது நற்குடிப் பெண்ணுக்குரிய அணிகலனாகவே கருதப்பட்டது.

திருப்பம் பாக்பஜாரில் நிகழ்ந்தது. சகோதரி நிவேதிதை 1898இல் போஸ்பாடா சந்தில் தொடங்கிய பள்ளியில், 1903இல் சகோதரி கிறிஸ்டின் மணமான பெண்களுக்கும் கைம்பெண்களுக்குமான பிரிவைத் திறந்தார். வீட்டுப் பெண்டிரைப் படிக்க அனுப்ப மறுக்கும் குடும்பத் தலைவர்களும் தையல் பழகுவதற்கு மறுப்புச் சொல்வது கடினம். மூடிய வண்டியில் அவர்கள் பள்ளிக்கு அழைத்துவரப்பட்டனர். ஊசிவேலைக்கென வந்த இடத்தில் வாசிப்பும் கணக்கும் இருந்தன. இதைத் தந்திரம் என்று மட்டும் சொல்வது போதாது. வீட்டில் கைவந்த ஒரு திறனை முன்வைத்து அப்பெண்கள் வகுப்பறைக்குள் வந்தனர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏதும் அறியாதவராக அவர்கள் வரவில்லை.

இதனை நிறுவனமாக்கியவர் அபலா போஸ். அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸின் துணைவி என்றே நம் நூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத நிலையில், 1882இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றவர். உடல்நலக் குறைவால் அப்படிப்பை முடிக்க இயலவில்லை. 1919இல் அவர் நிறுவிய நாரீ சிக்ஷா சமிதி சிற்றூர்களில் பெண்பள்ளிகள் திறக்க முனைந்தபோது, ஆசிரியைகள் இல்லை என்பதே பெருந்தடை. மறுபுறம், வருவாயோ நிலைத்த இருப்பிடமோ இல்லாத இளங் கைம்பெண்கள் ஏராளம். இவ்விரு குறைகளையும் அவர் ஒன்றோடொன்று இணைத்தார். 1920களில் தோன்றிய வித்யாசாகர் வாணி பவனம் கைம்பெண்களை ஆசிரியைகளாக்கியது. மகிளா சில்ப பவனம் கைத்தொழில் பயிற்றியது. சகோதரி சுப்பலட்சுமி 1912இல் சென்னையில் தொடங்கிய இல்லத்தோடு இதை ஒப்பிட்டு யாரேனும் விரிவாக எழுத வேண்டும்.

1925இல் சரோஜ்நளினி தத் மறைந்ததும் அவர் பெயரால் கல்கத்தாவில் எழுந்த சங்கம், அவர் ஊரூராகத் தொடங்கிய மகளிர் சமிதிகளின் பணியைத் தொடர்ந்தது. கைத்தொழிற் பயிற்சி அதன் மையம். அவருடைய கணவர் குருசதய் தத் திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களே முதலில் சொன்ன அருங்காட்சியகத்தின் அடித்தளம். கணவர் சேகரித்தவை கண்ணாடிப் பேழைக்குள் 'கலை' ஆயின. மனைவியின் வழிவந்த வகுப்புகள் 'நலப்பணி' என்னும் தலைப்பின் கீழ்ச் சென்றன. இரண்டிலும் இருந்தது அதே ஊசிதான்.

1943 பஞ்சம் இந்த வரலாற்றின் தொனியை மாற்றிற்று. ஆதரவிழந்த பெண்களுக்காக 1944இல் நாரீ சேவா சங்கம் தோன்றியது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிப் பெண்கள் வந்தனர். இதற்குள் உஷா தையல் இயந்திரம் கல்கத்தாவிலேயே உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. இளவரசர் அன்வர் ஷா சாலையில் அந்த ஆலை இருந்த நிலத்தில் இன்று சவுத் சிட்டி வணிக வளாகம் நிற்கிறது. இயந்திரத் தையல் அளவெடுப்பையும் துணி வெட்டுவதையும் முறையான பாடமாக்கியது. அகதிக் குடியிருப்பில் தையல் வருவாய் பல வீடுகளில் அடுப்பெரித்தது. ஒரு பெண் கற்றதை அண்டை வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித்தந்தாள். அந்த வகுப்புகளுக்கு வருகைப்பதிவேடு ஏது?

(நிகண்டுகளில் 'தையல்' பெண்ணையும் குறிக்கும். அழகான பொருத்தம், ஆனால் சொல்லொப்புமை வரலாற்றுச் சான்றாகாது என்பதால் அதை வாதத்தில் சேர்க்கவில்லை.)

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியை 'சிறப்பாசிரியர்' என்னும் தனி வகையில் வைக்கப்பட்டிருப்பதையும் இவ்வரிசையில் ஆராயலாம். வங்கத்திலோ தமிழகத்திலோ உங்கள் பாட்டியோ அத்தையோ தையல் பயிற்சிக்குச் சென்றிருந்தால், காகித மாதிரிகள் ஒட்டிய அவருடைய பயிற்சி ஏடு பரணில் இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் அதன் முதற்பக்கத்தைப் பாருங்கள். கற்பித்தவர் பெயர் அங்கு எழுதப்பட்டிருந்தால், தெரிவிக்க வேண்டுகிறேன்.