ரூஸ் மக்களும் இப்னு ஃபள்லானும்: வடபுலச் சமயம் குறித்த ஓர் அரபுச் சாட்சியம்

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் கிழமையின் பெயர் தமிழ், அரபி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சாகியிருப்பதுண்டு. தமிழ், கிழமைகளுக்குக் கோள்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறது. அரபி அவற்றை எண்ணிச் செல்கிறது: 'அர்பிஆ' நான்காம் நாள், 'கமீஸ்' ஐந்தாம் நாள், அடுத்தது மக்கள் ஒன்றுகூடும் 'ஜும்ஆ'. ஆங்கிலத்தில் புதன்கிழமை வோடனுக்கும், வியாழக்கிழமை இடியின் தெய்வமான தோருக்கும், வெள்ளிக்கிழமை ஃப்ரிக் என்னும் பெண் தெய்வத்துக்கும் உரியவை. வோடன் என்று பழைய ஆங்கிலேயர் அழைத்த தெய்வத்தையே டென்மார்க், சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து மக்கள் ஓடின் என்றனர். அவ்வழிபாடு மங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எனினும் அத்தெய்வங்களின் பெயரை உச்சரிக்காமல் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரத்தைக் கழிக்க முடியாது.

மறைந்துபோன இச்சமயத்தைப் பற்றி உலகம் இன்று இவ்வளவு விரிவாக அறிந்திருப்பது எவ்வாறு? வைக்கிங்குகள் என்று வரலாறு குறிக்கும் அம்மக்கள் 'ரூன்' எழுத்தில் கல்லிலும் மரத்திலும் சுருக்கமான வாசகங்களைப் பொறித்தார்களேயன்றி நூல்கள் எழுதி வைக்கவில்லை. அகழ்வாய்வுப் பொருள்களை விடுத்து எழுத்துச் சான்றுகளை நோக்கினால், அவற்றுள் பெரும்பாலானவை அச்சமயத்தை ஏற்காதவர்கள் எழுதியவை என்பது புலப்படும். அவர்களுள் முதன்மையான ஒருவர் பக்தாதிலிருந்து சென்ற முஸ்லிம். அவருடைய சாட்சியம் எத்தகையது, அதிலிருந்து நாம் கற்பது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஷா நேரம் கிட்டாத ஊர்

ஹனஃபீ ஃபிக்ஹ் நூல்களை ஓதியவர்களுக்கு 'புல்கார்' என்னும் ஊர்ப்பெயர் பழக்கமானதே. கோடையில் செவ்வானம் மறையும் முன்னரே வைகறை தோன்றிவிடும் நிலத்தில் வாழ்பவர்மீது இஷாத் தொழுகை கடமையாகுமா என்ற விவாதத்தில் அப்பெயர் எடுத்துக்காட்டாக வரும். வோல்கா ஆற்றங்கரையில் இருந்த அந்நாட்டின் மன்னர் அல்மிஷ், மார்க்கத்தைக் கற்பிக்க ஆள் வேண்டுமென்றும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்ட உதவி வேண்டுமென்றும் அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிர் பில்லாஹ்விடம் கோரினார். அதனை ஏற்று அனுப்பப்பட்ட தூதுக்குழுவில் இடம்பெற்றவர் அஹ்மத் இப்னு ஃபள்லான். ஹிஜ்ரி 309 ஸஃபர் மாதம் (கி.பி. 921 ஜூன்) பக்தாதைவிட்டுப் புறப்பட்ட குழு, குவாரஸ்மில் கடுங்குளிரைக் கழித்து, 310 முஹர்ரம் மாதம் (922 மே) புல்கார் சென்று சேர்ந்தது.

அங்கு ஓரிரவு, பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவருடன் பேசியபடி இஷாவின் பாங்குக்காகக் காத்திருந்ததை இப்னு ஃபள்லான் எழுதுகிறார். பாங்கொலி கேட்டு வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. முஅத்தினிடம் விசாரித்தால், சொன்ன பாங்கு ஃபஜ்ருடையது. இஷாவை மஃரிபுடன் சேர்த்தே அவ்வூரார் தொழுது முடித்திருந்தனர். பிற்காலத்து ஃபகீஹ்கள் ஏட்டில் விவாதித்ததை அவர் நேரில் கண்டவர்.

கண்டதும் கேட்டதும்

அந்த ஆற்றங்கரைக்குத்தான் 'ரூஸ்' எனப்பட்ட வணிகர்கள் படகுகளில் வந்து இறங்கினர். இவர்கள் பெரும்பாலும் சுவீடன் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற வடபுலத்தார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பேரீச்ச மரம் போன்ற உயரமும், சிவந்த மேனியும், இவர்களைவிடக் கட்டமைந்த உடல்களைக் கண்டதில்லை என்று வியக்கத்தக்க தோற்றமும் கொண்டவர்கள் என்று இப்னு ஃபள்லான் வருணிக்கிறார். ஒவ்வொருவரிடமும் கோடரி, வாள், கத்தி. பெண்களின் மார்பில் கணவனின் செல்வநிலையைக் காட்டும் உலோக அணி.

அவர்களுடைய வழிபாட்டையும் அவர் விட்டுவிடவில்லை. கரையில் மனித முகம் செதுக்கிய உயர்ந்த மரத்தூண் ஒன்று. சுற்றிலும் சிறு உருவங்கள். ரொட்டி, இறைச்சி, வெங்காயம், பால், மது ஆகியவற்றுடன் வணிகன் அதன்முன் விழுந்து, தான் கொண்டுவந்த அடிமைப் பெண்களையும் தோல்களையும் எண்ணிச் சொல்லி, பேரம் பேசாமல் வாங்கும் பணக்கார வணிகனை அனுப்புமாறு வேண்டுகிறான். வணிகம் முடிந்தால் ஆடுமாடுகளைப் பலியிடுகிறான். இரவில் நாய்கள் அவ்விறைச்சியைத் தின்றுவிட, காலையில் தன் இறைவன் காணிக்கையை ஏற்றுக்கொண்டதாக மகிழ்கிறான். ஓடின், தோர் என்னும் பெயர்கள் எதுவும் இக்குறிப்பில் இல்லை. பெயரறியாத தெய்வத்துக்குத் தாமாக ஒரு பெயரைச் சூட்டாமல் விட்டதும் இவ்வாசிரியரின் நேர்மையே.

அவர்களின் தலைவர்கள் இறந்தால் செய்யப்படும் சடங்குகளைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். கேட்டதை எழுதிவிட்டு அமையாமல், நேரில் அறிய விரும்பிக் காத்திருந்தார். பெருந்தலைவன் ஒருவன் இறந்தான். பத்து நாள் தற்காலிகக் குழியில் வைக்கப்பட்டான். கப்பல் கரைக்கு இழுக்கப்பட்டது. நாய், குதிரைகள், மாடுகள், சேவல், கோழி ஆகியவை பலியாயின. உடன் மடிய முன்வந்ததாகச் சொல்லப்பட்ட அடிமைப் பெண்ணைக் கதவுச் சட்டம் போன்ற ஒன்றன்மேல் மும்முறை தூக்கினர். தாய் தந்தையரையும், பசுமையான சுவனத்தில் அமர்ந்திருக்கும் தன் எசமானனையும் காண்பதாக அவள் கூறியதை மொழிபெயர்ப்பாளர் வழியாக அறிந்து பதிவு செய்கிறார். பின்னர் 'மலக்குல் மவ்த்' என அவர் குறிக்கும் கிழவி அவளைக் கொன்றாள். அலறல் வெளியே கேட்காதிருக்க ஆடவர் கேடயங்களைத் தட்டினர். இதனை எழுதும்போது அவர் கண்டன உரை எதுவும் நிகழ்த்தவில்லை. அந்தக் கேடயங்களின் ஓசை ஒன்றே போதும்.

எதிர்த்தரப்பின் சொல்

கப்பல் எரிந்துகொண்டிருந்தபோது, அருகில் நின்ற ரூஸ் ஒருவன் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான். என்ன என்று இப்னு ஃபள்லான் கேட்டார். அரபிகளாகிய நீங்கள் அறிவிலிகள். அன்புக்குரியவரை மண்ணில் இட்டுப் புழுக்களுக்கு இரையாக்குகிறீர்கள், நாங்களோ நொடியில் எரித்துச் சுவனத்துக்கு அனுப்புகிறோம் என்பது அவன் கூற்று. சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தானாம்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கலீஃபாவின் தூதராகச் சென்றவர், தம் சமூகத்தின் ஜனாஸா முறையைப் பழித்த சொல்லை ஏட்டில் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியபின் நீண்ட மறுப்பும் சேர்த்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், சொன்னதைச் சொன்னவாறே வைத்தார். வைகைக் கரையில் அடக்குவோரும் எரிப்போரும் தலைமுறைகளாக அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றனர். கீழடியை அடுத்த கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் இறந்தோரை இட்டுப் புதைத்த காலமும் இம்மண்ணுக்கு இருந்தது. இறந்தாரை மதிக்கும் வழி எது என்பதில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. அதனை அச்சமூகத்தின் வாயாலேயே கேட்டு எழுதியவர் இப்னு ஃபள்லான்.

குறையற்றவர் அவர் என்று நாம் சொல்லவில்லை. ரூஸ் மக்களை இறைவனின் படைப்பில் மிக அழுக்கானவர்கள் என்கிறார். ஒரே பாத்திரத்து நீரில் பலரும் முகம் கழுவுவதைக் கண்டு அருவருக்கிறார். தஹாரத்தின் சட்டங்களில் வளர்ந்தவருக்கு அது இயல்பே. ஆயினும் ஐஸ்லாந்து மொழியில் சனிக்கிழமைக்கு 'நீராடும் நாள்' என்றே பெயர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தமிழர்க்கு இது வியப்பளிக்கும். பயணத்தில் கண்ட வணிகக் கூட்டம் ஒன்றை வைத்து ஓரினம் முழுவதையும் எடைபோட இயலாது என்பதற்கு அந்தக் கிழமைப் பெயரே சான்று.

ஐஸ்லாந்தின் கிறித்தவர்

தெய்வங்களின் பெயர்களும் கதைகளும் வேறொருவர் வழியாக வந்தவை. ஐஸ்லாந்து கி.பி. 1000 அளவில் கிறித்தவத்தை ஏற்றது. அதன்பின் இரு நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த ஸ்னோரி ஸ்டுர்லூசன் (1179-1241) என்னும் கிறித்தவத் தலைவர், ஏறத்தாழ 1220இல் 'எட்டா' என்னும் உரைநடை நூலை ஆக்கினார். அறிவு ஊற்றின் நீரைப் பருக ஒரு கண்ணை ஈடாகத் தந்த ஓடின், சுத்தியல் ஏந்திய தோர், சூழ்ச்சி மிக்க லோகி ஆகியோரை அதில் காண்கிறோம். இறுதிப் போரில் ஓடினை ஓநாய் விழுங்குகிறது. பெரும்பாம்பைக் கொன்ற தோர், ஒன்பது அடி நடந்து நஞ்சால் வீழ்கிறான். என்றும் நிலைத்திருப்பவனையே வணங்கும் நமக்கு, மடியும் தெய்வங்கள் என்னும் கருத்து விந்தையாகத் தோன்றும். அவர்களோ அதனை அறிந்தே வணங்கினர்.

தாம் நம்பாததை ஸ்னோரி ஏன் எழுதினார்? பழைய கவிதையின் உருவகங்கள் அக்கதைகளின்றி விளங்கா. இளம் புலவர்கள் மரபை இழந்துவிடுவர் என்ற கவலையே காரணம். இந்நிலை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பீ, லாத், உஸ்ஸா, மனாத் முதலிய ஜாஹிலிய்யாக் காலத்துச் சிலைகளின் வரலாற்றைக் 'கிதாபுல் அஸ்னாம்' நூலில் தொகுத்தார். நம் காலத்தில் நீதிபதி மு.மு. இஸ்மாயீல் கம்பனைக் கற்றுத் தோய்ந்து எழுதியதை எவரும் ஈமானின் குறையாகக் கருதியதில்லை.

தரங்கம்பாடி வழி

இவ்வடபுலத்தார்க்கும் தமிழ் மண்ணுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவர்களிடமே இருந்தது. அங்குள்ள டேனிஷ் கோட்டையில் 1623-24இல் பணியாற்றிய யோன் ஓலாஃப்சன் என்னும் ஐஸ்லாந்துக்காரர், 1661இல் எழுதிய தன்வரலாற்றில் சோழமண்டலக் கரையின் கோயில்களையும் மக்கள் வழக்கங்களையும் பதிவு செய்தார். எட்டா நூல்களை 1818இல் ஸ்டாக்ஹோமில் பதிப்பித்த டேனிய மொழியறிஞர் ராஸ்மஸ் ராஸ்க், ரஷ்யா, பாரசீகம் வழியாக 1820இல் இந்தியாவை அடைந்து, தரங்கம்பாடிக்கும் கொழும்புக்கும் வந்து, சுவடிகளுடன் 1823இல் நாடு திரும்பினார். அதே 1823இல், யாகூத் அல்ஹமவீயின் 'முஃஜமுல் புல்தான்' காத்துத் தந்த இப்னு ஃபள்லானின் ரூஸ் பகுதியை ரஷ்யாவில் ஃப்ரேன் என்னும் அறிஞர் வெளியிட்டார். சரியாக நூறாண்டு கழித்து, 1923இல் மஷ்ஹத் நூலகத்தில் அவருடைய 'ரிஸாலா'வின் விரிவான சுவடியை ஜகீ வலீதி கண்டெடுத்தார்.

வெள்ளிக் காசும் வீண் பெருமையும்

1999இல் சுவீடனின் காட்லாண்ட் தீவில் ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணையில் 67 கிலோ வெள்ளிப் புதையல் கிடைத்தது. அதிலிருந்த 14,000க்கும் மேற்பட்ட நாணயங்களுள் பெரும்பாலானவை இஸ்லாமிய திர்ஹம்கள். கலிமா பொறித்த காசு பால்டிக் கடல்வரை சென்றதை எண்ணி நாம் மகிழலாம். ஆனால் அத்தகைய வெள்ளி எதற்கு விலையாகச் சென்றது என்பதையும் இப்னு ஃபள்லானே சொல்லிவிட்டார்: தோலுக்கும், மனிதருக்கும். அவ்வடிமைகளை வாங்கிய சந்தைகளுள் நம்முடையவையும் இருந்தன.

2017இல் சுவீடனின் வைக்கிங் காலக் கல்லறைத் துணியொன்றில் 'அல்லாஹ்' என்ற சொல் நெய்யப்பட்டிருப்பதாக ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. அந்தச் சதுரக் கூஃபி எழுத்துவடிவம் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்றும், கிடைத்த நாடாவில் இல்லாத பகுதியை ஊகித்து நீட்டினால்தான் அவ்வாறு வாசிக்க இயலும் என்றும் இஸ்லாமியக் கலை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மறுப்பு, செய்தியின் அளவுக்குப் பரவவில்லை. அறிவிப்பாளரின் தகுதியை ஆராயாமல் ஒரு ஹதீஸையும் ஏற்காத மரபினர், தமக்குப் பெருமை தரும் செய்தி என்றவுடன் அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிடலாமா?

இக்கேள்விக்கு விடை நம் மதுரையிலேயே உண்டு. 1340களில் மஅபர் சுல்தானகத்துக்கு வந்த இப்னு பதூதா, சுல்தான் கியாஸுத்தீன் தாமகானிக்குச் சகலை முறையானவர்; இருவரும் மணந்தது ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ்வின் மகளிரை. அந்த உறவிருந்தும், சுல்தான் சிறைப்பிடித்த இந்துக்களையும் அவர்களின் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைத் தம் 'ரிஹ்லா'வில் மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்னும் திருமறையின் கட்டளை, பகைவரைப் பற்றி எழுதும்போதும் தம்மவரைப் பற்றி எழுதும்போதும் ஒன்றே.

ஓடினையும் தோரையும் நம் மாணவர்கள் அறிவதால் தவ்ஹீதுக்குக் குறை எதுவும் வந்துவிடாது. தம்மைப் பழித்தவனின் சொல்லையும் அமானிதமாகக் காத்த ஒருவரின் எழுத்தை அவர்கள் அரபியில் நேரடியாக வாசிக்க வல்லவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நம் அண்டை வீட்டாரின் நம்பிக்கைகளைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர், நாம் எழுதி வைத்ததைத் தயங்காமல் நம்பலாம் என்ற நிலையை ஏற்படுத்துவது இப்னு ஃபள்லானின் வாரிசுகளாகிய நம் கடமையாகும்.