பென் டிரைவில் குடியேறிய லினக்ஸ்

பென் டிரைவைச் செருகினால் லினக்ஸ் எழுந்து வரும். அணைத்துவிட்டு உருவினால் கணினி பழையபடி இருக்கும். லைவ் லினக்ஸின் இந்த வித்தை நமக்குப் பழகியதுதான். ஆனால் அது நம் கைக்கு வந்த வழியில் ஒரு சூதாட்ட விடுதியும், ஓர் உணவகமும், ஒரு விசிட்டிங் கார்டும் இருக்கின்றன.

1985இல் அமெரிக்காவின் தாஹோ ஏரியை ஒட்டிய ஹை சியரா சூதாட்ட விடுதியில் கணினி நிறுவனத்தார் கூடினார்கள். ஒருவர் பதிந்த சிடியை இன்னொருவரின் கணினி படிக்க ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்பது அவர்கள் கவலை. அங்கே பிறந்த ஒழுங்குதான் 1988இல் ஐஎஸ்ஓ 9660 ஆனது. இன்று நாம் பதிவிறக்கும் ஐஎஸ்ஓ கோப்பின் பூர்வீகம் அதுவே.

1992 டிசம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஆடம் ரிக்டர் இக்டிரேசில் லினக்ஸை வெளியிட்டார். அது சிடியிலிருந்தே ஓடியது. ஆனால் அக்காலக் கணினிகளுக்குச் சிடியிலிருந்து பூட் ஆகத் தெரியாது; முதலில் ஒரு ஃபிளாப்பி செருக வேண்டும். அந்தத் தடையை 1995இல் ஐபிஎம், ஃபீனிக்ஸ் நிறுவனங்களின் எல் டொரிட்டோ முறை நீக்கியது. எல் டொரிட்டோ என்ற மெக்சிகன் உணவகத்தில் உதித்த யோசனை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

அடுத்த பாய்ச்சல் வணிகர்களால் வந்தது. 1999இல் லினக்ஸ்கேர் நிறுவனம் விசிட்டிங் கார்டு அளவுச் சிடியில் லினக்ஸை அடைத்து விநியோகித்தது. இடம் போதாததால், கோப்புகளைச் சுருக்கி வைத்துத் தேவைப்படும்போது மட்டும் விரிக்கும் 'குளூப்' நிரலை ரஸ்டி ரஸ்ஸல் எழுதினார். ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் அதை எடுத்துக்கொண்டு, 700 எம்பி சிடியில் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை அடக்கினார். 2000இல் நாப்பிக்ஸ் பிறந்தது.

நாப்பிக்ஸே டெபியன் என்ற லினக்ஸின் நகல். அதை நகலெடுத்தவர்களோ ஏராளம்: 50 எம்பியில் முடங்கிய டேம் ஸ்மால் லினக்ஸ் அவற்றுள் ஒன்று. உரிமமே அனுமதித்ததால் இதில் திருட்டு இல்லை. ஒவ்வொரு நகலும் ஏதோ ஒன்றைக் கூட்டியது.

அந்த அனுமதியே தமிழ்நாட்டுக்கும் கதவு திறந்தது. டெபியனை எடுத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைச் சேர்த்து, சென்னை சி-டாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸும் மாணவர் வீடுகளுக்குப் போனது. தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையிலிருந்து மேற்கே புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறினால் கேரளம். அங்கே பள்ளிகளுக்காக ஐடி@ஸ்கூல் திட்டம் முதலில் டெபியனையும் பிறகு உபுண்டுவையும் மாற்றியமைத்து, மலையாளமும் பாட மென்பொருள்களும் சேர்த்துத் தனி லினக்ஸே தயாரித்தது. மலைக்கு இருபுறமும் ஒரே மூதாதை.

சொந்தமாக ஒன்றைத் தயாரிக்க இன்று நிறுவனம் தேவையில்லை. 2006இல் தொடங்கிய டெபியன் லைவ் திட்டத்தின் 'லைவ்-பில்டு' கருவி போதும். வேண்டிய மென்பொருள்களின் பட்டியல் ஒரு கோப்பு. தமிழ்99 கீபோர்டு, எழுத்துருக்கள், உலாவி அமைப்புகள் எல்லாம் ஒரு கோப்புறை. 'எல்பி பில்டு' என்று கட்டளையிட்டால் ஐஎஸ்ஓ தயார்; அதைப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளலாம். மாறாத மூலம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கத்துக்குள் இருக்கும். நீங்கள் செய்யும் மாற்றங்கள், பாடப்புத்தகத்தின் மேல் கண்ணாடித் தாள் விரித்து எழுதியது போல, ரேமில் மேலடுக்காக நிற்கும். அணைத்தால் தாள் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் பென் டிரைவில் அதற்கென ஒரு பகுதி ஒதுக்கலாம். வைஃபை கடவுச்சொல்லையும் சொந்தச் சாவிகளையும் மட்டும் ஐஎஸ்ஓவுக்குள் வைக்காதீர்கள்; அது யார் கைக்கும் போகலாம்.

போக வேண்டியதும்தான். தென்காசியில் ஓர் ஆசிரியர் தம் வகுப்புக்காக இப்படி ஒன்றைத் தயாரித்தால், ஐஎஸ்ஓவோடு அந்தப் பட்டியலையும் கோப்புறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ரஸ்ஸலின் நிரல் திறந்து கிடந்ததால்தான் நாப்பர் அதன்மேல் கட்ட முடிந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கட்டும்.