தல்லப்பிக்கோலாவின் சிறைக் கீதங்கள்

இன்று குரோவேஷிய நாட்டில் பாஸின் என்று வழங்கும் இஸ்திரியச் சிற்றூர், 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி இசையமைப்பாளர் லூயிஜி தல்லப்பிக்கோலா அங்கே பிறந்தபோது, ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் ஆளுகையில் இருந்தது. அவர் தந்தையார் தலைமை வகித்த இத்தாலிய மொழிப் பள்ளியை ராஜத்துரோகத்தின் விளைநிலமாகக் கருதிய அரசாங்கம், முதல் உலக யுத்தத்தின் நடுவே அதை மூடிவிட்டு, 1917-இல் அக்குடும்பத்தைக் கிராட்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தது. அந்த நிர்ப்பந்த வாசத்திலேயே வாக்னரின் இசைநாடகங்களைக் கேட்கும் பாக்கியம் பெற்ற சிறுவன், சங்கீதமே தன் வாழ்க்கையென்று நிச்சயித்துக்கொண்டான். பிற்காலத்தில் அவர் இயற்றியவற்றுள் உன்னதமானவை பலவும் சிறைப்பட்டோரின் குரலாகவே ஒலிப்பதற்கு அப்பால்ய அனுபவமே வித்து என்பது என் துணிபு.

1938-இல் முஸோலினியின் அரசாங்கம் யூதர்களுக்கு விரோதமான இனச் சட்டங்களைப் பிரகடனம் செய்தது. அவ்வாட்சியிடம் முன்பு அபிமானம் கொண்டிருந்தவர் தல்லப்பிக்கோலா. இதை மறைத்து அவரைப் புகழ்வது தகாது. ஆனால் அவர் அவ்வாண்டு மணந்த லௌரா யூதகுலத்தவர். பகிரங்கமாக எதிர்த்துப் பேச வழியில்லாத அந்நாளில், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஸ்காட்லாந்து ராணி மேரி, தத்துவஞானி போயீதியஸ், 1498-இல் புளோரென்ஸ் நகரச் சதுக்கத்தில் உயிர்நீத்த துறவி சவோனரோலா ஆகிய மூவரின் லத்தீன் பிரார்த்தனைகளை அவர் ‘சிறைக் கீதங்கள்’ ஆக்கினார். வயலின், குழல் முதலியவற்றை அறவே விலக்கி, குழுவினரின் குரல்களுக்குத் துணையாக இரண்டு பியானோக்களையும் இரண்டு யாழ்களையும் தாளக் கருவிகளையும் மட்டுமே அமைத்து, இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் புராதன தேவாலய ராகத்தை மூன்றிலும் ஊடாட விட்ட அவ்வமைப்பில், மணியோசையும் முரசொலியும் கலந்து எழும் கம்பீரம் கேட்பவர் நெஞ்சை உலுக்கும். இத்தாலி அமெரிக்காவின்மீது யுத்தப் பிரகடனம் செய்த 1941 டிசம்பர் 11-ஆம் தேதியன்றே ரோமாபுரியில் இக்கீதங்கள் முழுமையாக அரங்கேறின.

ஜெர்மானியர் இத்தாலியை ஆக்கிரமித்த காலத்தில் மனைவியைக் காக்க மறைந்து வாழ்ந்தவர், 1944 முதல் நான்காண்டுகள் உழைத்து ‘கைதி’ என்னும் இசைநாடகத்தை முடித்தார். ‘சகோதரனே’ என்று அன்பொழுக அழைத்து நம்பிக்கையூட்டிய காவலனே, தப்பியோடி வந்த கைதியைக் கடைசியில் அணைத்துக் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லும் அக்கதையில், நம்பிக்கையே சித்திரவதைகளுள் கொடியதாகிறது. அவர் இந்நாடகத்தில் கையாண்ட, பன்னிரு சுவரங்களையும் சமமாக வரிசைப்படுத்தும் இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் முறை வறண்ட கணிதம் என்று பழிப்போர், அந்த ‘சகோதரனே’ என்ற அழைப்பின் மூன்றே சுவரங்களில் ஊறும் இரக்கத்தைக் கேட்க வேண்டும்.

1950-இல் புளோரென்ஸில் அது மேடையேறிய பின்பும், அந்நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் அவர் 1967 வரை பியானோவைத் துணைப்பாடமாகவே கற்பித்துவந்தார். அவரிடம் இசையமைப்புக் கலையைப் பயில விழைந்த இளம் இசையமைப்பாளர் லூச்சியானோ பேரியோ, 1952-இல் அதன்பொருட்டு, அவர் அக்கலையைக் கற்பித்த அமெரிக்காவிலுள்ள டாங்கிள்வுட்டுக்குச் சென்றார்.