1915: நமக்கு அநியாயம் செய்தவர்களுக்கும் நியாயம் உண்டா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1915 கலவரத்தைப் பற்றிக் கேட்டால், எமது பிள்ளைகள் "சிங்களவர்கள் முஸ்லிம்களை அடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சிங்களப் பிள்ளைகளைக் கேட்டால், "வெள்ளைக்காரன் எங்கள் தலைவர்களைச் சிறையில் போட்டான்" என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஒருவர் சொல்லும் பாதியை மற்றவர் சொல்வதில்லை.

முதலில் எமது பாதி. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா, பள்ளிவாசல் அருகே மேளம் அடித்துக்கொண்டு போகலாமா என்பது வழக்காகியது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தக் கசப்பு ஆறும் முன்னரே வெசாக் வந்தது. மே 28 இரவு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே மோதல் தொடங்கியது. ஒரு சில நாட்களில் அது கொழும்பு வரை, இன்னும் பல ஊர்கள் வரை பரவியது. அரசாங்கக் கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள், 189 பேர் காயப்பட்டார்கள். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. பெண்களின் மானமும் பறிக்கப்பட்டது. இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. "கரையோரச் சோனகர் கடனுக்குக் கொடுத்து வட்டி வாங்கினார்கள், விலையைக் கூட்டினார்கள்" என்று காரணம் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். விலை கூடியதற்கு ஒருவனுடைய கடையை எரிக்கலாம் என்றால் பிறகு ஊரில் எந்தக் கடையும் மிஞ்சாது.

இனி மற்றப் பாதி. ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சேர் ரொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். ஜூன் முதல் வாரத்தோடு கலவரம் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் கடைசி வரை நீடித்தது. அடங்கிப்போன ஊர்களிலும் ஆட்கள் சுடப்பட்டார்கள். டி.எஸ். சேனாநாயக்க, எப்.ஆர். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க, டப்ளியூ.ஏ. டி சில்வா போன்ற சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்றவர்கள். அரசாங்கம் கலவரத்துக்குப் பின்னால் ஒரு சதியைத் தேடியது. சதி நிரூபிக்கப்படவில்லை.

எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞனின் கதை இதில் எல்லாவற்றையும் விடக் கனமானது. செல்வந்தக் குடும்பத்துப் பிள்ளை, கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரி. தேசத்துரோகக் குற்றம் சாட்டி இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார்கள். ஜூரி இல்லை, மேன்முறையீடு இல்லை. 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரம் நாட்டில் சாதாரண நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன. அங்கே விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை.

அநகாரிக தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரணவும் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, அந்த வருடமே யாழ்ப்பாணச் சிறையில் நோயில் இறந்தார். தர்மபால எம்மைப் பற்றி எழுதிய கடுஞ்சொற்கள் எமக்குத் தெரியும். ஆனால் அண்ணன் எழுதியதற்குத் தம்பியின் உயிர் விலையாகுமா? ஒருவனுடைய குற்றத்தை இன்னொருவனின் கழுத்தில் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

நட்டஈட்டு விடயத்திலும் இதே பிழைதான் நடந்தது. கடை இழந்த முஸ்லிமுக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும், அது அவனுடைய உரிமை. ஆனால் அரசாங்கம் அதை எரித்தவனைக் கண்டுபிடித்து அவனிடமிருந்து மட்டும் அறவிடவில்லை. சட்டம் ஒன்றைப் போட்டு, பாதிக்கப்பட்ட பகுதிகளின் சிங்கள மக்கள்மீது பொதுவாகச் சுமத்தியது. கலவர இரவில் கதவைத் திறந்து முஸ்லிம் அயலவனை உள்ளே எடுத்த ஒரு மனிதன் அந்தக் கிராமத்தில் இருந்திருந்தால், அவனும் கட்டியிருக்க வேண்டும். கல்லெறிந்தவனுக்கும் கதவு திறந்தவனுக்கும் ஒரே கணக்கு! அப்படி வந்த பணம் எமது சமூகத்தின் கையில் சேர்ந்தபோது, அது எமக்கு நியாயத்தைத் தந்ததா, அல்லது இன்னும் கொஞ்சம் பகையைத் தந்ததா?

இதற்கெல்லாம் எதிராகச் சட்ட நிரூபண சபையில் எழுந்து நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும்போது இராணுவ விசாரணை எதற்கு, அடங்கிய ஊரில் சுடுவது எதற்கு என்று அவர் கேட்டார். 1916இல் அதை நூலாகவும் இலண்டனில் வெளியிட்டார். சாமர்ஸ் திரும்பிப் போனார். பின்னர் வந்த தேசாதிபதி சேர் ஜோன் அன்டர்சன் சில சுட்டுக்கொலைகளை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார்.

எமது மூத்தவர்கள் இராமநாதன் மீது மனத்தாங்கலோடு இருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் 1880களில் வாதாடிய காயம் ஏற்கனவே இருந்தது. 1915இல் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகப் பேசிய அளவுக்கு, கடை எரிந்தவர்களுக்காகப் பேசவில்லை. அந்தக் குறை நியாயமானது. ஆனால் அவர் கேட்ட கேள்வியும் நியாயமானது. பேசியவர் மீதுள்ள கோபத்துக்காக அந்தக் கேள்வியைத் தூக்கி எறிய முடியாது.

"அப்படியென்றால் அடித்தவனை விட்டுவிடச் சொல்கிறீர்களா சேர்?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. அடித்தவன், எரித்தவன், கொன்றவன் தண்டனை பெற வேண்டும். அவன்தான் அதைச் செய்தான் என்று திறந்த நீதிமன்றத்தில் நிரூபித்துவிட்டுத் தண்டியுங்கள் என்பதுதான் கேள்வி. பேதிரிஸைச் சுட்டதால் கண்டியில் எரிந்த ஒரு கடைக்காரனுக்காவது நீதி கிடைத்ததா? உண்மையில் எரித்தவன் எத்தனை பேர் தப்பினான் என்பதைக்கூட அந்த அவசர விசாரணைகள் மறைத்துவிட்டன. குற்றமற்றவனைத் தண்டிப்பது ஒரு அநியாயம், அதன் நிழலில் குற்றவாளி ஒளிந்துகொள்வது இரண்டாவது அநியாயம்.

இது நூறு வருடத்துப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு சந்தேகம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு சிலர் செய்த கொடூரத்துக்கு முழுச் சமூகமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், தான் எழுதிய ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பர் வரை தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தக் காலத்தில் நாங்கள் கேட்டது என்ன? ஆதாரத்தைக் காட்டுங்கள், வழக்கைப் போடுங்கள், ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் பிடிக்காதீர்கள் என்பதுதான். 1915இல் சிங்களத் தாய்மாரும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

பகை இருந்தாலும் நீதியை விடாதீர்கள் என்பது அல்மாயிதா அத்தியாயத்தில் எமக்கு இடப்பட்ட கட்டளை. வேண்டியவர்களுக்கு நீதி செய்வது பெரிய காரியமில்லை. வேண்டாதவர்களின் விடயத்தில்தான் அந்தக் கட்டளை எம்மைச் சோதிக்கிறது.

ஆகவே பெற்றோர்களிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1915ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எரிந்த 17 பள்ளிவாசல்களையும் சொல்லுங்கள், வெலிக்கடையில் சுடப்பட்ட அந்த இளைஞனையும் சொல்லுங்கள். நாளைக்கு வேறொரு சமூகத்துப் பிள்ளையை விசாரணையில்லாமல் பிடித்துக்கொண்டு போகும்போது, "இது எங்கள் பிரச்சினை இல்லை" என்று எமது பிள்ளைகள் சொல்லாமல் இருக்க இது உதவும்.

உங்கள் ஊரில் 1915 பற்றி மூத்தவர்கள் சொன்ன செய்திகள் இருந்தால் கீழே எழுதுங்கள். யாரையும் புண்படுத்தாமல் எழுதுங்கள்.